பற்று நோட்டு யார் கையில்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ஆன்லைன் கேம் எழுதுகிறவர்களுடையவை. மீதி, வீட்டுக் கம்ப்யூட்டரில் யாரோ புகுந்துவிட்டதாகப் பதறுகிறவர்களுடையவை. தனித்தனியாகப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டின. அதனால் சேர்த்தே தருகிறேன். பாதுகாப்பு விஷயம் என்பதால் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து போனில் விளையாடும் ஆட்டோ ரேஸ் கேம் ஒன்றை வெளியிட்டோம். 400 பேர் வரை விளையாடுகிறார்கள். போன வாரம் ஒருவர் கணக்கில் திடீரென்று 99,99,999 காசு. அவரைத் தடை செய்தோம். மறுநாள் அதே போல இன்னும் ஐந்து பேர். எங்கே ஓட்டை? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: நீங்கள் அனுப்பியிருந்த நிரலைப் படித்தேன், தம்பி. ரேஸ் முடிந்ததும் போன் சர்வரிடம், ‘இப்போது என்னிடம் 4,350 காசு இருக்கிறது’ என்று சொல்கிறது. சர்வர் அதை அப்படியே எழுதிக்கொள்கிறது. ஓட்டை அங்கேதான்.

அண்ணாச்சி கடையில் பற்று எழுதி வாங்குகிறோம். நோட்டு கடையில் இருக்கிறது. அந்த நோட்டை வாடிக்கையாளர் வீட்டிலேயே வைத்துவிட்டு, மாதக் கடைசியில் ‘எவ்வளவு பாக்கி, நீங்களே சொல்லுங்கள்’ என்று கேட்டால் கடை எத்தனை நாள் நடக்கும்? விளையாடுகிறவரின் போன் அவர் கையில் இருக்கிறது. அதன் நினைவகத்தில் இருக்கும் எண்ணை அவர் மாற்றலாம். போனிலிருந்து கிளம்பும் தகவலை வழியில் நிறுத்தித் திருத்தி அனுப்பலாம். அதற்கென்றே இலவசக் கருவிகள் உண்டு, ஒரு பள்ளிக்கூடப் பையன் அரை நாளில் பழகிவிடுவான். ஆகவே ஆட்களைத் தடை செய்துகொண்டே இருப்பதில் பயனில்லை. நோட்டைக் கடைக்குக் கொண்டுவர வேண்டும்.

அதாவது, காசுக் கணக்கு சர்வரில் மட்டும் இருக்கட்டும். போன், ‘இந்த ரேஸை முடித்தேன்’ என்று சொல்லலாம், அவ்வளவுதான். அதையும் அப்படியே நம்பாதீர்கள். ரேஸ் தொடங்கிய நேரத்தை சர்வரே குறித்துக்கொள்ளட்டும். உங்கள் ஆட்டோவின் உச்ச வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர், பாதை 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 நொடிக்குக் குறைவாக அதை யாராலும் முடிக்க முடியாது. 40 நொடியில் முடித்தேன் என்று ஒரு போன் சொன்னால் அதற்குப் பரிசு தரவேண்டியதில்லை.

இதைச் சரிசெய்ததும் இன்னொரு ஓட்டை தெரியும். அதில் நான் மூன்று இரவு தூங்காமல் கிடந்திருக்கிறேன். அப்போது நான் வேலை பார்த்த கேமில் ஒரு வாளின் விலை 500 காசு. ஒருவர் கணக்கில் 500 காசுதான் இருந்தது, ஆனால் அவரிடம் இரண்டு வாள் வந்துவிட்டது. சர்வர் பதிவேட்டை வரி வரியாகப் பார்த்தேன். இரவு 11 மணி 42 நிமிடம் 7 நொடிக்கு ஒரு கோரிக்கை. அதிலிருந்து 40 மில்லிநொடி தள்ளி அதே கணக்கிலிருந்து இன்னொன்று. ஒரே கணக்கை இரண்டு போனில் திறந்து வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் ஒரே நேரத்தில் ‘வாங்கு’ பொத்தானை அழுத்தியிருக்கிறார். முதல் கோரிக்கை இருப்பைப் பார்த்தது: 500, சரி. அது கழிப்பதற்குள் இரண்டாவது கோரிக்கையும் பார்த்தது: 500, சரி. இரண்டுக்கும் வாள் போய்விட்டது.

பார்ப்பது ஒரு வேலை, கழிப்பது இன்னொரு வேலை என்று நான் பிரித்து எழுதியிருந்ததுதான் தப்பு. ‘இருப்பு 500க்குக் குறையாமல் இருந்தால் மட்டும் 500 கழி’ என்று தரவுத்தளத்துக்கு ஒரே கட்டளையாகக் கொடுங்கள். கழிந்தது என்று பதில் வந்த பிறகே பொருளைக் கொடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கோரிக்கைக்கும் போன் ஒரு தனி எண் போட்டு அனுப்பட்டும். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் பழைய பதிலையே திருப்பித் தரட்டும். ரயிலில் போகும்போது சிக்னல் விட்டுவிட்டு வரும், போன் அதே கோரிக்கையை இரண்டு மூன்று தடவை அனுப்பும். நேர்மையாக விளையாடுகிறவருக்கு இரண்டு தடவை காசு போகாமலிருக்கவும் இந்த எண்தான் உதவும்.

கேள்வி: எங்கள் சர்வர் சென்னையில் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து விளையாடும் சொந்தக்காரர்கள் ‘லேக்’ என்று குறை சொல்கிறார்கள். இன்னும் பெரிய சர்வர் வாங்கினால் தீருமா? (மென்பொருள் ஊழியர், மதுரை)

பதில்: தீராது. இணையத் தகவல் ஒளியாகக் கண்ணாடி இழைக்குள் போகிறது. அதற்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். போய்த் திரும்ப மட்டுமே 30 மில்லிநொடி ஆகிவிடும், வழியிலுள்ள கருவிகள் எடுக்கும் நேரம் அதற்கு மேல். எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த 30 குறையாது. ஆனால் அந்தத் தாமதத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்யலாம். விளையாடுகிறவர் அழுத்தியதும் அவர் திரையில் ஆளை உடனே நகர்த்திவிடுங்கள், சர்வரின் பதில் வந்ததும் மெல்லத் திருத்துங்கள். மற்றவர்களின் ஆட்களை ஒரு பத்தில் ஒரு நொடி பின்தங்கிக் காட்டினால் அசைவு தடங்கலில்லாமல் தெரியும்.

கேள்வி: எங்கள் கேம் திறக்க இரண்டு நிமிடம் ஆகிறது. கடைப் பொருட்களின் பட்டியல் பெரியது. போன் பழசு என்று பதில் சொல்லி வருகிறோம். சரியா? (சிறு நிறுவனம் நடத்துபவர், புதுச்சேரி)

பதில்: போன்மேல் பழி போடும் முன் அந்தப் பட்டியலை எப்படிப் படிக்கிறீர்கள் என்று பாருங்கள். ஜிடிஏ ஆன்லைன் என்ற கேம் திறக்கப் பல வருடங்களாகவே நிமிடக் கணக்கில் ஆகிக்கொண்டிருந்தது. 2021இல் வெளியாள் ஒருவர், விளையாடுகிறவர்தான், பொறுமையாக அளந்து பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். சுமார் 63,000 பொருள் கொண்ட 10 எம்பி பட்டியல். அதில் ஒவ்வொரு சொல்லைப் படிக்கும்போதும் நிரல் மீதியுள்ள எழுத்து முழுவதையும் கடைசி வரை எண்ணிக்கொண்டிருந்தது. அதோடு ஒவ்வொரு பொருளையும் சேர்க்கும் முன் இது ஏற்கெனவே இருக்கிறதா என்று, சேர்த்த எல்லாவற்றோடும் ஒப்பிட்டது. இரண்டையும் திருத்தியதும் அவருடைய கம்ப்யூட்டரில் காத்திருப்பு 70 சதவீதம் குறைந்தது. நிறுவனம் அவருக்கு 10,000 டாலர் பரிசு கொடுத்து, திருத்தத்தையும் ஏற்றுக்கொண்டது. சோதனைக்கு 50 பொருள் வைத்துப் பார்த்தால் இந்த மாதிரித் தப்பு தெரியவே தெரியாது. 50,000 வைத்துப் பாருங்கள்.

கேள்வி: தனியாகக் கேம் எழுதுகிறேன். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் நான்கு மாதமாகப் பழக்கமான ஒருவர், ‘என் கேமை ஐந்து நிமிடம் விளையாடிப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று ஒரு ஜிப் கோப்பு அனுப்பினார். திறந்தேன், கறுப்பாக ஒரு ஜன்னல் வந்து மறைந்தது, அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் டிஸ்கார்ட் கணக்கு போய்விட்டது, அடுத்து மின்னஞ்சல். இரண்டு படிச் சரிபார்ப்பு வைத்திருந்தேன், ஓடிபி கூட வரவில்லை. எப்படி உள்ளே போனார்கள்? (கேம் எழுதுபவர், சேலம்)

பதில்: முதலில் ஒன்று சொல்கிறேன். நீங்கள் ஏமாளி இல்லை. கேம் எழுதுகிறவர்கள் ஒருவர் கேமை ஒருவர் விளையாடிப் பார்ப்பது நம் வழக்கம். அந்த நல்ல வழக்கத்தைத்தான் அவர்கள் பயன்படுத்துகிறார்கள். நான்கு மாதம் பழகியவரின் கணக்கே முந்தின நாள் திருடப்பட்டு, திருடன் அவர் பெயரில் உங்களிடம் பேசியிருக்கவும் வாய்ப்பு அதிகம். அவருக்கு போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

ஓடிபி ஏன் வரவில்லை? பொருட்காட்சியில் டிக்கெட் காட்டி உள்ளே போனதும் கையில் ஒரு முத்திரை குத்துவார்கள். வெளியே போய்விட்டு வந்தால் டிக்கெட் கேட்க மாட்டார்கள், முத்திரையைக் காட்டினால் போதும். நீங்கள் ஒருமுறை கடவுச்சொல்லும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போனதும் பிரௌசர் அப்படி ஒரு முத்திரையை வாங்கி வைத்துக்கொள்கிறது. அதைத்தான் குக்கி என்கிறோம். டிஸ்கார்டும் அதே மாதிரி ஒன்றை வைத்திருக்கிறது. அந்த ஜிப்பில் இருந்த நிரல் சில நொடியில் இந்த முத்திரைகளையெல்லாம் அள்ளி அனுப்பிவிட்டது. அவர்கள் முத்திரையோடு வந்ததால் வாசலில் யாரும் டிக்கெட் கேட்கவில்லை.

இப்போது செய்ய வேண்டியதை இதே வரிசையில் செய்யுங்கள். அந்தக் கம்ப்யூட்டரின் இணையத்தைத் துண்டியுங்கள். அதில் உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றாதீர்கள், மாற்றுவதையும் அது பார்த்துக்கொண்டிருக்கலாம். வேறு ஒரு கம்ப்யூட்டரிலோ போனிலோ முதலில் மின்னஞ்சலை மீட்டு, ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்துங்கள். அதைச் செய்தால்தான் பழைய முத்திரை செல்லாமல் போகும். பிறகு கடவுச்சொல். பிறகு மின்னஞ்சலின் அமைப்புக்குள் போய், யாருக்காவது நகல் போகும்படி ஏதும் சேர்த்திருக்கிறார்களா, மீட்பு எண்ணை மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். அடுத்து வங்கி, நிரல் சேமிப்பகம், கேம் கடைக் கணக்கு. உங்கள் சர்வருக்கான சாவிகள் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பாக இருந்திருக்குமே, அவை அத்தனையையும் ரத்து செய்து புதிதாக எடுங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். மூன்று வாரம் கழித்து யாரோ விளையாடுகிறவர்கள் பட்டியலையே இறக்கிக்கொண்டு போவார்கள். கடைசியில் அந்தக் கம்ப்யூட்டரைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். ஆன்டிவைரஸ் ‘சுத்தம்’ என்று சொன்னாலும் போடுங்கள்.

உலகத்தின் பெரிய கேம் நிறுவனங்களில் ஒன்றுக்கே இது நடந்திருக்கிறது. 2003 செப்டம்பரில் வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவலின் கம்ப்யூட்டர் விநோதமாக நடந்துகொள்ள ஆரம்பித்தது. ஒரு நிரலின்மேல் வலது கிளிக் செய்தால் எக்ஸ்ப்ளோரர் விழுந்துவிடும். அவர் வன்தட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டார். ஆனால் அதற்குள் வந்தவர்கள் அவருடைய மின்னஞ்சலைப் படித்திருந்தார்கள், வேறு பல கம்ப்யூட்டர்களில் விசை அழுத்தங்களைப் பதியும் நிரலை வைத்திருந்தார்கள். சில நாளில் ஹாஃப்-லைஃப் 2 கேமின் மூல நிரல் இணையத்தில் வந்துவிட்டது. செப்டம்பர் 30 என்று தேதி சொல்லியிருந்த கேம் 2004 நவம்பர் 16ஆம் தேதிதான் வெளியானது. தாமதத்துக்குத் திருட்டு மட்டுமே காரணம் இல்லை, கேமும் முடியாமல்தான் இருந்தது. ஆனால் ஐந்து வருட உழைப்பு அரைகுறையாக ஊர் முன்னால் கிடப்பதைப் பார்த்த அந்த நிரலாளர்களின் நிலைமையை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கிறது. புகுந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஓர் இளைஞர், கேமை மிகவும் விரும்பியவர். பின்னால் அங்கே அவருக்கு இரண்டு வருட நன்னடத்தைத் தண்டனை கிடைத்தது.

கேம் சர்வரை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் அதன் சாவி நம் மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. அதனால் நான் என் வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். சர்வர் சாவி இருப்பதில் கேம் கிடையாது, மற்றவர்கள் அனுப்புவதைத் திறப்பதும் கிடையாது. மற்றவர்களின் கேமைப் பழைய லேப்டாப்பில் பார்க்கிறேன், அதில் எந்தக் கணக்கிலும் நுழைவதில்லை. இரண்டாவது கம்ப்யூட்டருக்கு வழியில்லை என்றால் விண்டோஸ் புரோ பதிப்பில் சாண்ட்பாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் திறந்து பார்த்துவிட்டு மூடினால் எல்லாம் அழிந்துவிடும். ஹோம் பதிப்பில் அது இல்லை, அதற்கு மெய்நிகர் கணினி மென்பொருள் போட்டுக்கொள்ளலாம். இன்னும் எளிது, ‘பிரௌசரில் விளையாடும் வடிவம் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். உண்மையாகக் கேம் எழுதுகிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: செய்தி படித்துக்கொண்டிருக்கும்போது திரை முழுவதும் சிவப்பாகி, ‘உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று சத்தத்தோடு வந்தது. பயந்து அழைத்துவிட்டேன். ஏதோ மென்பொருளை இறக்கச் சொன்னார்கள், அப்போது மின்சாரம் போய்விட்டது. நான் இனி என்ன செய்ய வேண்டும் அம்மா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்)

பதில்: டீச்சர், மின்சாரம் சரியான நேரத்தில் போயிருக்கிறது. நீங்கள் பார்த்தது வெறும் இணையப் பக்கம். வைரஸ் பற்றி உண்மையாகச் சொல்லும் எந்த மென்பொருளும் போன் எண் கொடுக்காது. இனி அப்படி வந்தால் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எஃப்4 அழுத்துங்கள், மூடிக்கொள்ளும். அதுவும் கேட்கவில்லை என்றால் கம்ப்யூட்டரின் பொத்தானைப் பத்து நொடி அழுத்தி அணைத்துவிடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. இறக்கிய மென்பொருள் பாதியில் கிடந்தால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் யாரையாவது கூப்பிட்டு நீக்கிவிடுங்கள். அவர்கள் மறுபடி கூப்பிட்டால் எடுக்க வேண்டாம். வங்கி விவரம் எதையாவது சொல்லியிருந்தாலோ பணம் போயிருந்தாலோ 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் போகிற வழியிலேயே பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: என் மகன் நண்பர்களோடு விளையாட வீட்டிலேயே மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துகிறான். ரூட்டரில் ஏதோ ‘போர்ட்’ திறந்திருக்கிறானாம். அதே கம்ப்யூட்டரில்தான் நான் ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். தடுக்கட்டுமா? (ஜவுளி வியாபாரி, ஈரோடு)

பதில்: பையனைத் தடுக்காதீர்கள் அண்ணா. நான் இந்த வேலைக்கு வந்ததும் இப்படி ஒரு வீட்டு சர்வரில் ஆரம்பித்துத்தான். ஆனால் கணக்கும் சர்வரும் ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது.

போர்ட் திறப்பதென்றால் தெருவிலிருந்து நேராக அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு வாசல் வைப்பது. வாசலில் நிற்கும் காவல்காரர் மைன்கிராஃப்ட் சர்வர்தான். அது ஏமாந்தால் வீட்டுக்குள் வந்துவிடலாம். 2021 டிசம்பரில் அப்படித்தான் ஆனது. அந்த சர்வர் எல்லா அரட்டையையும் பதிவேட்டில் எழுதி வைக்கும். எழுதும் வேலைக்கு அது பயன்படுத்திய லாக்4ஜே என்ற மென்பொருளில் ஒரு குறை. அரட்டைப் பெட்டியில் ஒரு குறிப்பிட்ட வடிவில் ஒரு வரி எழுதினால் போதும், அதைப் பதியப்போன சர்வர் வெளியிலிருந்து ஒரு நிரலை இறக்கித் தானே ஓட்டிவிடும். 1.18.1 பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள். உங்கள் மகன் எந்தப் பதிப்பு வைத்திருக்கிறான் என்று இன்றே கேளுங்கள். மாட் என்று சொல்லும் கூடுதல் நிரல்களையும் கவனிக்கச் சொல்லுங்கள். 2023 ஜூனில் பெயர் பெற்ற மாட் தளங்களிலேயே சிலருடைய கணக்கு திருடப்பட்டு, முத்திரை திருடும் நிரல் மாட்களுக்குள் வைக்கப்பட்டது.

ஒரு பழைய கம்ப்யூட்டரை அவனுக்கென்று ஒதுக்குங்கள். ரூட்டரில் ‘கெஸ்ட்’ வைஃபை இருந்தால் அதில் அதை இணையுங்கள். இன்னும் நல்லது, நண்பர்களுக்குள் மட்டும் விபிஎன், அதாவது இணையத்துக்குள் ஒரு தனிப் பாதை, போட்டுக்கொண்டால் போர்ட்டே திறக்க வேண்டாம். பல இணைய நிறுவனங்கள் நிறைய வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து தருகின்றன. அங்கே போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது, அவர்களுக்கும் விபிஎன்தான் வழி.

அப்படியே ரூட்டரையும் ஒரு பார்வை பாருங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, ரூட்டருக்குள் போகும் கடவுச்சொல் வேறு. நூற்றுக்கணக்கான வீடுகளில் முதலாவதை மாற்றியிருப்பார்கள், இரண்டாவது ‘அட்மின், அட்மின்’ என்றே கிடக்கும். பிரௌசரில் 192.168.1.1 என்று அடித்துப் பாருங்கள், அல்லது ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள முகவரியை. உள்ளே போய் அதை மாற்றுங்கள். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி, கடவுச்சொல் அடிக்காமலே வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ், கேட்காமலே போர்ட் திறந்துவிடும் யூபிஎன்பி மூன்றையும் அணையுங்கள். கடையில் இருக்கும் சிசிடிவி பெட்டிக்கும் கடவுச்சொல் மாற்றுங்கள்.

சிசிடிவியைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2016இல் மிராய் என்று ஒரு நிரல் உலகம் முழுவதும் கேமராக்களிலும் ரூட்டர்களிலும் புகுந்தது. அது பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைத்த பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அறுபது சொச்சத்தை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி அந்தக் கருவிகள் சேர்ந்து இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் திறக்கவில்லை. அந்த நிரலை எழுதிய மூன்று இளைஞர்கள் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் அதைத் தொடங்கியது எதற்குத் தெரியுமா? மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துகிறவர்களைத் தாக்கிப் பணம் பார்க்கத்தான். யாரோ வீட்டு வாசலில் தொங்கிய கேமரா, யாரோ ஒரு பையன் நடத்திய சர்வரை அடித்துச் சாய்த்தது.

கேள்வி: காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும். அந்தக் காசில் ஒரு வெளி வன்தட்டு வாங்கி, வாரம் ஒருமுறை படங்களையும் கோப்புகளையும் நகல் எடுத்து, உடனே கழற்றி வையுங்கள். அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே 12ஆம் தேதி கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரை நிரல் பரவியபோது அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் வெளியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. 11க்கு மாறுங்கள், கம்ப்யூட்டர் அதற்குத் தாங்காது என்றால் லினக்ஸ் போடுங்கள்.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். உங்களைப் போல சர்வர் எழுத ஆசை. எங்கிருந்து தொடங்குவது அக்கா? (மாணவி, தஞ்சாவூர்)

பதில்: சின்னதாகத் தொடங்கு, கண்ணு. மூன்றுக்கு மூன்று கட்டத்தில் வட்டமும் பெருக்கலும் போடும் விளையாட்டை, இரண்டு பேர் இரண்டு போனில் விளையாடும்படி எழுது. கட்டம் சர்வரில் இருக்கட்டும். யார் முறை, யார் ஜெயித்தார் என்பதை சர்வர் மட்டும் சொல்லட்டும். பைத்தானில் எழுதினால் இருநூறு வரிக்குள் முடிந்துவிடும். முடித்ததும் வகுப்பிலேயே கெட்டிக்காரத் தோழியைக் கூப்பிட்டு, நிரலை முழுவதும் அவளுக்குக் காட்டி, ஏமாற்றி ஜெயிக்கச் சொல். ஒரே கட்டத்தில் இரண்டு தடவை வைப்பாள். தன் முறை இல்லாதபோது வைப்பாள். பத்தாவது கட்டத்தில் வைப்பாள். தோற்கப் போகும்போது இணையத்தைத் துண்டிப்பாள். அவள் கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி, அடைத்துக்கொண்டே வா. அவளால் இனி முடியாது என்று ஆனதும் அந்த நோட்டின் நகலை எனக்கு அனுப்பு.